இரண்டாவது முறை இறுக்கியவன்

1. திரும்பி வந்த பெட்டி

டிசம்பர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. ஓசூர்ப் பனி அன்று ஒன்பது மணிக்கும் விலகவில்லை. காலை டீ வருவதற்கு முன்பே, கன்னடம் கலந்து பேசும் எங்கள் ஓனர் நாகராஜப்பா ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது.

"முனிரத்தினம், ஏன்ரீ இது? நீங்க கையெழுத்து போட்ட மாலுதானே?"

பெட்டிக்குள் பதினோரு மவுண்ட். ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்க்ரூ லொடலொடவென்றது.

மவுண்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்கு மேலே தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அதற்கு ஸ்கோப் என்று பெயர். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கிற அலுமினியப் பாகம்தான் மவுண்ட். கீழே ஒரு பேஸ், மேலே இரண்டு ரிங். ரிங்கையும் பேஸையும் சேர்ப்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு நான்கு ஸ்க்ரூ. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி உதைக்கும். அந்த உதையை இந்த நான்கு ஸ்க்ரூவும் தாங்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்து ஸ்கோப் தலைமுடி கனம் நகர்ந்தால் போதும், நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு ஓர் உள்ளங்கை அகலம் தள்ளிப்போய் விழும்.

எங்கள் கஸ்டமர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், போட்டியில் சுடுகிறவர்களுக்கான துப்பாக்கி செய்கிற ஒரு கம்பெனி. அங்கே சோதனைக்காகச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருபதாவது ரவுண்டுக்குள் குறி அலைய ஆரம்பித்துவிட்டதாம்.

கோடையில் நாளுக்கொரு தொகுதியாக அனுப்பிய எந்த லாட்டிலும் ஒரு புகார் கிடையாது. அதே ஸ்க்ரூ, அதே பசை, அதே ஆட்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

2. டிபன் கேரியர் வாங்கிய கை

நான் ஊத்தங்கரைக்காரன். இந்தச் சின்னக் கம்பெனிக்கு இன்ஸ்பெக்டராக வருவதற்கு முன் இருபத்தேழு வருஷம் ஒரு லாரி தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் வீல் நட்டு லைன். லாரிச் சக்கரத்தின் நட்டு ஒரு முறை இறுக்கினால் இறுக்கின மாதிரி அல்ல. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் பெயின்டு அமுங்கும், பிரேக் டிரம் தன் இடத்தில் உட்காரும், நட்டு இளகும். மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். இரண்டாம் முறை இறுக்காத டிரைவர் வழியில் சக்கரத்தைத் தேடிப் போவான் என்பது எங்கள் லைனில் வேதவாக்கு.

மூன்று வருஷம் தொடர்ந்து நட்டு புகார் வரவில்லை என்று எனக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். நான்கு அடுக்கு, மூடியில் என் பெயர் வெட்டியது. ரிட்டயர் ஆன பிறகும் அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டுவந்தேன். யாராவது கேட்டால் கதை சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இங்கே வந்ததும் அதே சட்டத்தைத்தான் போட்டேன். அசெம்பிளியில் ஐந்து பெண்கள். நான்கு பேர் ஸ்க்ரூவையும் துளையையும் சுத்தம் செய்து, நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, கையால் ஏற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பசைதான் காய்ந்தபின் மரையைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கழல விடாமல் வைப்பது. கடைசி ஆள் வளர்மதி. இறுக்கத்தை அளக்கும் டார்க் டிரைவரால் இறுக்குவது அவர் வேலை. குறித்த அளவு வந்ததும் டிரைவர் 'க்ளிக்' என்று சொல்லும், நிறுத்திவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தட்டு என் மேஜைக்கு வரும். என் டிரைவரை வளர்மதியுடையதைவிட இரண்டு புள்ளி கூட்டி வைத்திருப்பேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இன்னொரு முறை க்ளிக் வரும்வரை திருப்புவேன். பிறகு ஸ்க்ரூ தலைக்கும் ரிங்குக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. பின்னால் யாராவது திருப்பினாலும் தானாகத் தளர்ந்தாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

சில சமயம் என் கையில் ஸ்க்ரூ கொஞ்சம் நகரும். நகரும்போது எனக்கு ஒரு திருப்தி. பார்த்தாயா, நான் இல்லாவிட்டால் இது இப்படியே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளர்மதி பசை பாட்டிலைக் காட்டி ஒன்று கேட்டார்.

"சார், இதுல முழுசா காய இருபத்திநாலு மணி நேரம்னு போட்டிருக்குதே. நாம ரெண்டு மணி நேரத்துல தொடலாங்களா?"

"அதெல்லாம் பசை விக்கிறவன் எழுதறதும்மா. நட்டுக்கு நாள் நட்சத்திரம் பாத்தா லாரி ஓடாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு நல்ல பதில் சொன்னதாகவே நினைத்தேன்.

3. எண்ணெய்க் கை

பெட்டி திரும்பி வந்ததும் நான் முதலில் பார்த்தது ஸ்க்ரூவை அல்ல, வளர்மதியை. நான்கு பேர் செய்வது முன்னேற்பாடு மட்டும். இறுக்குவது ஒருவர்தான். கழன்றால் இறுக்கியவர் தப்பு. இதைவிட எளிய கணக்கு உண்டா?

வளர்மதிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சொந்த ஊர் சாமல்பட்டி. கணவருக்கு ஒரு விபத்தில் இடுப்பு போய், உட்கார்ந்த இடத்தில் செய்கிற தையல் வேலைதான் அவரால் முடியும். குடும்பத்தோடு ஓசூருக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தார்கள். வீடு நின்றது வளர்மதி சம்பளத்தில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதைச் செய்தேன்.

அவர் தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னிக்கொண்டு வருவார். மரையில் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது, அது உண்மைதான். எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"தலைக்கு எண்ணெய் தடவின கையோடதான் ஸ்க்ரூவத் தொடுறியாம்மா?"

"இல்லீங்க சார். வந்ததும் சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் உக்காருவேன்."

"கழுவினா இது ஏன் கழலுது? எங்க, இப்ப என் எதிர்ல கழுவு பாக்கலாம்."

அவர் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்பி வந்து இரண்டு கையையும் எனக்கு நேராக நீட்டிக் காட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைய என் நடத்தையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த நாளே எல்லாருக்கும் கையுறை வாங்கினேன். சுத்தம் செய்யும் திரவத்தை மாற்றினேன். புதுப் பசை திறந்தேன். இதெல்லாம் போதாதென்று என் சோதனையையும் கடுமையாக்கினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை, சாயந்திரம் இன்னொரு முறை. ஒரு ஸ்க்ரூ என் கையில் இரண்டு தடவை படாமல் வெளியே போகக்கூடாது.

இடையில், மார்கழி பிறப்பதற்கு முந்தைய கடைசி முகூர்த்தத்தில், மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டு ஊத்தங்கரை போனேன். அந்த இரண்டு நாள் லாட்டும் சோதனை இல்லாமலே போயிற்று. வளர்மதியே மஞ்சள் கோடு போட்டு, ஓனர் கையெழுத்தில் அனுப்பிவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்கு அந்த லாட்டுகள் ஞாபகம்தான். சாப்பாடு இறங்கவில்லை.

4. சனிக்கிழமைக்குள் ஒரு பெயர்

ஜனவரியில் இரண்டாவது பெட்டி வந்தது. இந்த முறை முப்பதுக்கு மேல். கூடவே எந்தெந்த லாட் என்று ஒரு பட்டியலும் வந்தது. ஓனர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நோடி முனிரத்தினம், கஸ்டமர் கடைசி சான்ஸ் குடுத்திருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். எதனால ஆச்சு, யாரு கையில ஆச்சு, அந்த ஆள லைன்லேர்ந்து எடுத்தாச்சுன்னு எழுதணும். அந்தப் பொண்ணு பேருதான?"

"விசாரிச்சு எழுதறேன் சார்."

"விசாரிக்க என்னா இருக்குது? நீங்க ரெண்டு தடவ செக் பண்ணியும் கழலுதுன்னா, இறுக்கறப்பவே தப்பு. அவங்கள நிறுத்திடலாம். பாவந்தான், என்னா பண்றது?"

எனக்கும் அதுதான் தோன்றியது. ரிப்போர்ட் படிவத்தை எடுத்து வைத்தேன். 'காரணம்' என்று ஒரு பெரிய கட்டம். 'பொறுப்பானவர்' என்று ஒரு சின்னக் கட்டம். சின்னக் கட்டத்தில் பென்சிலால் 'வளர்மதி' என்று எழுதினேன். பேனாவால் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான் எனக்கு இருந்த நல்ல புத்தி.

5. சிவப்புக் கோடு

புதன்கிழமை மதியம் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தேன். வளர்மதி ஒரு தட்டோடு வந்து நின்றார். காலையில் நான் சோதித்து மஞ்சள் கோடு போட்ட தட்டுதான்.

"சார், சாப்ட்டுட்டுப் பாக்கறீங்களா, இப்பவே பாக்கறீங்களா?"

"என்னம்மா?"

"ரிப்போர்ட்ல என் பேரு எழுதியிருக்கீங்கன்னு தெரியும் சார். அத அனுப்பறதுக்கு முன்னாடி இத ஒருதரம் பாத்துடுங்க."

ஒரு மவுண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். என் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ தலையின் மறு ஓரத்தில், மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. அது உடைந்திருந்தது. ஸ்க்ரூ தலையில் இருந்த பாதி ஒரு பக்கம், ரிங்கில் இருந்த பாதி இன்னொரு பக்கம்.

"இது என்ன?"

"நெயில் பாலிஷுங்க. நான் இறுக்கின உடனே போட்டேன். என் கையிலேர்ந்து போறப்ப நேரா இருந்துச்சு. நீங்க செக் பண்ணதுக்கு அப்புறம்தான் உடைஞ்சிருக்குது. எல்லாத்துலயும் இப்படித்தான் சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரக் கேட்டு மால் மேல நெயில் பாலிஷ் போட்ட? கஸ்டமர் பாத்தா என்ன ஆவும்?"

"தப்புதான் சார். திட்டுங்க. ஆனா இன்னொண்ணும் சொல்லிடறேன். கஸ்டமர் அனுப்பின லிஸ்ட்ட ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் பாத்தேன். அந்த மாசத்துல ரெண்டே லாட்டுதான் திரும்பி வரல. நீங்க கிரகப்பிரவேசத்துக்கு லீவு போட்ட ரெண்டு நாள்ல போனது ரெண்டும்."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாம்பார் சாதம் ஆறிப்போனது.

பட்டியலை எடுத்து நானே பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் ஒரு முறை தொட்ட லாட்டில் கொஞ்சம் கழன்றிருந்தது. இரண்டு முறை தொட்ட லாட்டில் நிறையக் கழன்றிருந்தது. தொடாத லாட் அப்படியே நின்றது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது.

பசையோடு வந்த காகிதம் ஃபைலில் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். அறைச் சூட்டில் முழுப்பிடிப்புக்கு இருபத்திநாலு மணி நேரம். குளிர் கூடக்கூட நேரமும் கூடும். எங்கள் ஸ்க்ரூ போலத் துருப்பிடிக்காத எஃகு என்றால் இன்னும் மெதுவாகப் பிடிக்கும். பாதி காய்ந்த நிலையில் ஸ்க்ரூ அசைந்தால் பசை உள்ளேயே முறிந்துவிடும். முறிந்த பசை மறுபடி ஒட்டாது.

கோடையில் ஷெட்டுக்குள் அடுப்படி மாதிரி வெக்கை. இரண்டு மணி நேரத்திலேயே பசை இறுகி, என் கைக்கு அசையாமல் தப்பித்திருக்கிறது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் அது தயிர் தோய்வதுபோல மெதுவாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் போய்ப் போய்க் கலக்கியிருக்கிறேன். தோயும் தயிரை மணிக்கொரு தரம் கரண்டி விட்டுப் பார்த்தால் எப்படி உறையும்?

6. காரணம் என்ற கட்டம்

வியாழக்கிழமை காலை வளர்மதியிடம் ஆறு மவுண்ட் இறுக்கச் சொன்னேன். ஆறிலும் சிவப்புக் கோடு போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையிலிருந்து அந்தக் குட்டி பாட்டிலை எடுத்தார். மூன்றை இரண்டு மணி நேரத்தில் என் வழக்கப்படி சோதித்தேன். மூன்றைத் தொடவே இல்லை. தொடாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் கை தானாக டிரைவருக்குப் போனது.

சனிக்கிழமை காலை ஆறையும் ஷாக் ரிக்கில் மாட்டினோம். துப்பாக்கி உதைக்கிற மாதிரி ஒரு இரும்புக்கட்டை வந்து இடிக்கும் ஏற்பாடு அது. இரண்டாவது பெட்டி வந்த பிறகுதான் அதைச் செய்து வைத்தோம். ஓனரும் வந்து நின்றார். நூறு இடி முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நான் தொட்ட மூன்றிலும் ஸ்க்ரூ விரலால் திருப்பினாலே சுற்றியது. தொடாத மூன்றிலும் சிவப்புக் கோடு போட்டபடி நேராக இருந்தது.

ஓனர் ரிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்கதான் கழட்டிட்டு இருந்தீங்களா?"

"ஆமா சார்."

"அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டபடி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரிப்போர்ட்ல பசை சரியில்லன்னு எழுதிடுங்க. பசைய மாத்திட்டோம்னு சொல்லலாம். உங்களுக்கும் கௌரவம், அந்தப் பொண்ணுக்கும் வேலை போவாது."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பசை பாட்டில் எதிர்த்துப் பேசாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. நானும் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பென்சிலில் எழுதிய பெயரை அழித்தேன். அழித்தாலும் அழுத்தத்தில் விழுந்த தடம் காகிதத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபோது குழாயடியில் நீட்டிய அந்தக் கை ஞாபகம் வந்தது. நான்கு பேர் முன்னால் ஒருத்தியைக் கை கழுவ வைத்துவிட்டு, தப்பைப் பசை தலையில் கட்டினால் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேருக்கும் நான் யார்?

'பொறுப்பானவர்' கட்டத்தில், அந்தத் தடத்துக்கு மேலேயே, பேனாவால் 'முனிரத்தினம், இன்ஸ்பெக்டர்' என்று எழுதினேன். காரணம் கட்டத்தில்: 'பசை காய்வதற்குள் சோதனை என்ற பெயரில் ஸ்க்ரூவைத் திருப்பியது.' கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. கீழே நானே கோடு கிழித்து வளர்மதி பெயரை எழுதினேன்.

பிறகு பெஞ்சுக்குப் போனேன். ஐந்து பேரும் இருந்தார்கள்.

"வளர்மதி, அன்னிக்கு இவங்க எல்லார் எதிர்லயும் உன்ன கை கழுவச் சொன்னேன். இவங்க எல்லார் எதிர்லயும் சொல்றேன். தப்பு என் கையில இருந்துச்சும்மா. மன்னிச்சுடு."

அவர் டிரைவரை மேஜையில் வைத்தார். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"சரிங்க சார்" என்றார். பிறகு, "நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணல. ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் எண்ணெயே வைக்காம வாரிக்கிட்டு வந்தேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் சூழ்நிலையைச் சமாளிக்க, "சார், நீங்களும் ஒருதரம் கை கழுவிட்டு வாங்க, கணக்கு நேராயிடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

7. நாளன்னிக்கு வாங்க

என்னை நிறுத்திவிடுவார்கள் என்றே எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. கஸ்டமர், காரணத்தை இவ்வளவு நேராக எழுதிய ரிப்போர்ட் இதுவரை வரவில்லை என்று பதில் அனுப்பி, ஆர்டரைத் தொடர்ந்தார்கள். முறையை மட்டும் மாற்றினோம். இறுக்கியதும் கோடு போடுவது இறுக்கியவர் வேலை. தட்டின்மேல் தேதியும் நேரமும் எழுதிய சீட்டு. குளிர் மாதங்களில் முழுசாக இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது. அதன்பின் நான் கோட்டைக் கண்ணால் பார்ப்பேன், அவ்வளவுதான். தட்டுக்கு ஒன்றை மட்டும் ரிக்கில் போட்டு இடித்துப் பார்ப்போம்.

அந்த முறை வந்த பிறகு ஒரு மவுண்டும் திரும்பி வரவில்லை. வளர்மதி இப்போது அந்த லைனுக்கு லீடர். எட்டுப் பேர் அவர் கீழே.

போன டிசம்பரில் கஸ்டமர் பக்கத்திலிருந்து ஆடிட்டுக்கு ஒருவர் வந்தார். பெரிய படிப்பு, கழுத்தில் அட்டை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்று காலை இறுக்கிய தட்டிலிருந்து ஒரு மவுண்டை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து சொந்த டார்க் டிரைவரை உருவினார். சோதனை செய்கிறவன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? பத்தடி தள்ளி நின்றிருந்தேன். ஆடிட்டரைத் தடுத்தால் ஆர்டர் என்னாகுமோ என்று தயங்கினேன்.

வளர்மதி எழுந்து வந்து தட்டின்மேல் கையை வைத்தார்.

"சார், அத வச்சிடுங்க. இன்னும் பிடிக்கல. நாளன்னிக்கு வாங்க, எவ்ளோ வேணாலும் திருப்பிப் பாருங்க."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "நான் சும்மா செக்தான் பண்றேன். இவங்க யாரு?"

"லைன் லீடருங்க" என்றேன். "நானும் சும்மா செக்தான் சார் பண்ணேன். அவங்க சொல்றபடி வச்சிடுங்க."

அவர் மவுண்டைத் தட்டில் வைத்தார். இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் வேலையில் எதைப் பற்றி உங்களுக்குப் பெருமை அதிகமோ, புகார் வந்தால் அதை முதலில் சோதியுங்கள். நான் அதைக் கடைசியில் சோதித்தேன், அதற்குள் ஒருத்தியின் வேலை போகப் பார்த்தது.

வளர்மதி சொன்னபடி ஆடிட்டர் மூன்றாம் நாள் மறுபடி வந்தார். ஒரு ஸ்க்ரூவும் அசையவில்லை. மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். டிபன் கேரியர் மூடியில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "இது என்ன பரிசு சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி, "சாருக்கு நட்டு இறுக்கறதுல குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் ஊறுகாயைத் தள்ளி வைத்தார்.